கட்டடம் எந்தப் பக்கம் பார்க்கிறது?

மாமல்லபுரத்தில் எந்தக் கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கு, பாதிப் படம் கிளம்பும் முன்பே கிடைத்துவிடுகிறது. அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்தது. காலை வெயில் அதற்கு. ஐந்து ரதங்களில் நான்கு மேற்கு பார்த்தவை; அவற்றுக்கு மாலை. நகுல சகாதேவ ரதம் மட்டும் தெற்கே திரும்பியிருக்கிறது. கடற்கரைக் கோயிலில் ஒரு சிவன் சன்னிதி கடலையும் இன்னொன்று ஊரையும் பார்க்கின்றன. சென்னையிலிருந்து காரில் வந்து உச்சி வெயிலில் இறங்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்கு ஓடுகிறவர்களின் படங்களில் எல்லாக் கல்லும் ஒரே வெளுத்த சாம்பலாகத் தெரிகிறது. கேமராவின் விலையைக் கூட்டினாலும் அந்தச் சாம்பல் மாறாது.

நான் இதை எழுதுவதற்குக் காரணம் ஒரு ஃபோட்டோ வாக். இன்று அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 2008இல் ஸ்காட் கெல்பி என்ற அமெரிக்கர் உலகெங்கும் ஒரே நாளில் நடக்கும்படி ஒன்றைத் தொடங்கிவைத்தார். சென்னையில் வார இறுதிதோறும் மயிலாப்பூர் மாடவீதியிலும் காசிமேட்டிலும் கேமராவோடு நடக்கும் குழுக்களைப் பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலும் மனித முகங்களும் தெருவுமே இலக்கு. எங்கள் குழு கட்டடங்களை மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டது. தை மாதத்தில் செங்கல்பட்டில் தொடங்கிக் கடற்கரை வரை. பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி மாணவர் ஒருவர், செங்கல்பட்டில் படிக்கும் அக்கா தங்கை இருவர், இன்னும் சிலர். பாதிப் பேர் கையில் செல்போன்தான். கட்டடம் எடுக்க அது போதும். பல சமயம் நல்லதும்கூட, ஏனென்றால் கிரிட் கோடுகளும் மட்டம் காட்டும் கோடும் அதிலேயே இருக்கின்றன.

ரயில் கொளவாய் ஏரியை ஒட்டி வரும்போதே பனிமூட்டத்தில் பலரும் கண்ணாடிக்கு வெளியே எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். செங்கல்பட்டுக் கோட்டையில் அதிக நேரம் செலவிடவில்லை. விஜயநகர அரசர்கள் சந்திரகிரிக்கு ஒதுங்கிய காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கோட்டை. 1751இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே கிளைவ் பறித்துக்கொண்டார். வரலாறு நிறைய, படத்துக்குக் கிடைப்பது கொஞ்சம். சிதைந்த கோட்டையை எடுக்கக் கற்க வேண்டுமானால் அதற்குச் சதுரங்கப்பட்டினம் இருக்கிறது.

பாடம் தொடங்கியது வல்லத்தில். செங்கல்பட்டுக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் ஒரு சிறு குன்று. அதில் குடைந்த கோயில்கள். மேலே இருப்பது பெரியது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், அவனுக்கு அடங்கிய சிற்றரசன் வசந்தப்பிரியராசனின் மகன் கந்தசேனன் செய்வித்தது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று மகேந்திரனின் பட்டப்பெயர்களும் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. முகப்பில் இரண்டு முழுத் தூண்கள், இரு ஓரங்களிலும் சுவரோடு ஒட்டிய இரண்டு அரைத் தூண்கள். ஆக மூன்று வாய்கள். தூண் மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டைக் கட்டு. மகேந்திரன் தூண் என்று யாரும் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

படமெடுப்பவர்கள் எங்கே போனாலும் சட்டகத்தை மூன்றாகப் பிரி, பொருளை ஒரு கோட்டின் மேல் வை என்றுதான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கிரிட்டைப் போட்டுக்கொண்டு குழுவில் ஒருவர் கோயிலை இடது கோட்டில் வைத்து, வலது பக்கம் வெறும் பாறையை விட்டு எடுத்தார். படம் தவறில்லை. வல்லத்தை அது காட்டவும் இல்லை. வரைவாளர் ஐயா அருகில் வந்தார்.

“தம்பி, இத கட்டினவன் மூணா பிரிச்சிட்டான். நீங்க மறுபடியும் பிரிக்க வேண்டாம். அவன் நடுக்கோடு எங்க போட்டான்னு மட்டும் தேடுங்க.”

அவர் தேடிக் காட்டிய முறை எளிது. நடு வாய்க்கு எதிரே நின்று, உள்ளே பின்சுவரில் இருக்கும் கருவறை வாசலைப் பாருங்கள். முன்னாலிருக்கும் இரு தூண்களுக்கும் அந்த வாசலுக்கும் இடையே இரு பக்கமும் தெரிகிற சுவரின் அகலம் ஒன்றுபோல் இருக்கிறதா? இடப்பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் நீங்கள் நடுக்கோட்டிலிருந்து வலது பக்கம் விலகியிருக்கிறீர்கள். அரை அடி இடம் நகர்ந்தால் சரியாகும். முகப்பை மட்டும் பார்த்து நடுவில் நிற்பதாக நினைப்பவர் எப்போதும் கொஞ்சம் விலகித்தான் நிற்பார். முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் கோடு பிடிபடுகிறது. பிறகு மட்டம். கொத்தனாருக்கு ரசமட்டமும் தூக்குக்குண்டும் எதற்கோ அதற்குத்தான் செல்போனில் அந்த மஞ்சள் கோடு. மட்டம் அரை பாகை சாய்ந்தாலும் சமச்சீரான முகப்பில் கண் உடனே உறுத்தும். சாய்ந்த கோணத்தில் எடுக்கிற படத்தில் இரண்டு பாகையைக்கூடக் கண் மன்னிக்கும்.

கல்வெட்டைப் படிக்கும்படி எடுப்பதற்கு ஒருவர் சாக்பீஸ் பொடி தடவலாமா என்று கேட்டார். கூடவே கூடாது. மைதா, விபூதி, தண்ணீர், எதுவும் கூடாது. ஒரு டார்ச்சை எழுத்துக்குப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போலப் பிடித்தால் போதும். வெட்டின் ஒவ்வொரு விளிம்பும் நிழலாக எழுந்து நிற்கும். நேரே மேலே அடிக்கிற ஃபிளாஷ் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது: பள்ளத்தையும் மேட்டையும் ஒரே வெளிச்சத்தில் நிரப்பி எழுத்தை அழித்துவிடுகிறது.

இந்தக் கலையில் நமக்கு முன்னோடி உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1850களில் சென்னை மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரராக இருந்தவர். மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று மாட்டுவண்டியில் பெரிய கேமராவை ஏற்றிக்கொண்டு போனார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் சோழர் கல்வெட்டுகளை ஒவ்வொரு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே சுருளாக ஆக்கினார். ஒவ்வொரு துண்டுக்கும் கேமராவைச் சுவரிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் வைத்தாலொழிய அது ஒட்டாது. அந்தக் காலத்துக் காகித நெகட்டிவ் நீல ஒளியை மட்டும் அள்ளிக் குடிக்கும். வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தீட்டினார். அவருடைய மேகங்களைவிட அவருடைய பொறுமைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கட்டடத்தை அளந்து, அதன் சதுரத்துக்குத் தன் சதுரத்தைப் பொருத்துகிற பொறுமை.

திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் படிகள் ஏறினோம். மலைமேல் வேதகிரீசுவரர், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர். உச்சி வேளையில் கழுகுகள் வந்து உணவு வாங்கிய பாறையைப் பெரியவர்கள் இன்னும் காட்டுகிறார்கள். கழுகுகள் வந்து பல ஆண்டுகளாகின்றன. படமெடுப்பவருக்கு இந்த மலை வேறொரு காரணத்துக்காக முக்கியம். தமிழ்நாட்டில் பெரிய கோயில் ஒன்றின் முழுத் தளவடிவத்தையும் தரையில் நிற்பவர் பார்க்க முடியாது. இங்கே மேலே நின்றால் அடிவாரக் கோயிலின் நான்கு கோபுரங்களும், அவற்றை இணைக்கும் மதிலும், மாடவீதிகளும், கொஞ்சம் தள்ளிச் சங்கு தீர்த்தமும் ஒரே பார்வையில் விரிகின்றன. அக்காவும் தங்கையும் இங்கேதான் அதிக நேரம் நின்றார்கள். வைடில் எடுத்தால் கோயில் சிறு புள்ளியாகிவிடுகிறது. ஜூம் போட்டால் கோபுரங்கள் நெருங்கி வந்து ஊர் வெளியே போய்விடுகிறது. தங்கை ஒரு வழி கண்டாள்: சட்டகத்தின் நான்கு மூலைகளை நான்கு கோபுரங்களுக்குச் சம தூரத்தில் வைத்து, மதிலின் செவ்வகத்தைச் சட்டகத்தின் செவ்வகத்துக்குள் சற்றே சாய்வாக உட்காரவைத்தாள். வானம் துளியும் இல்லை. மேலேயிருந்து எடுக்கும் படத்துக்கு வானம் தேவையில்லை என்பதை அன்று அவள் படத்தைப் பார்த்துதான் பலரும் ஒப்புக்கொண்டார்கள்.

அதே மலையில் ஒருகல் மண்டபம் இருக்கிறது. பல்லவர் குடைந்தது. அதன் கல்லில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களை வெட்டிவைத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து உலாவ வந்தவர்கள். அந்தப் பெயர்களைப் பார்த்த பிறகு அவர்கள் இருந்த இடத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா?

சதுரங்கப்பட்டினம் கோட்டை செங்கல்லும் சுண்ணாம்பும். கல்லையே பார்த்துவந்த கண்ணுக்குச் செங்கல் வேறு பழக்கம் கேட்கிறது. கல்லில் உருவம் முக்கியம். செங்கல்லில் வரிசை முக்கியம். சுவரோடு சுவராக நின்று, வரிசைகள் எல்லாம் ஒரு புள்ளியை நோக்கி ஓடும்படி எடுத்தால் சுவரின் நீளம் தெரியும். எதிரே நின்று எடுத்தால் ஒவ்வொரு செங்கல்லின் தேய்மானமும் தெரியும். இரண்டையும் ஒரே படத்தில் கேட்டால் இரண்டும் கிடைக்காது. உள்ளே கல்லறைத் தோட்டத்தில் கற்பலகைகளில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் பூவேலையும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. தரையில் கிடக்கும் பலகையை நின்றபடி எடுத்தால் அது குறுகி, தலைப்பக்கம் சிறுத்துவிடும். நேர் மேலேயிருந்து எடுத்தால் உங்கள் நிழலும் சேர்ந்து விழும். மாலையில், சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிழல் நீள்வதைப் பார்த்து அதற்கேற்ப நிற்க வேண்டும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம். முதல் உலை 1983இலேயே இயங்கத் தொடங்கியது. டிரோன் பறக்கவிடும் எண்ணம் இருப்பவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். மாமல்லபுரத்தின் தொல்லியல் சின்னங்களில் டிரைபாடு வைப்பதற்கும் முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

அன்று இரவு மாமல்லபுரத்தில் தங்கினோம். விடியலில் கடற்கரைக் கோயிலின் கதவு திறக்கும்போது நாங்கள் வாசலில் இருந்தோம்.

இந்தக் கோயிலை இராஜசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பினான். குடைந்ததல்ல; வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. பெரிய விமானம் சுமார் 60 அடி உயரம், கிழக்கே கடல் பார்த்தது. சிறிய விமானம் மேற்கே. நடுவில் பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள். இரண்டு விமானமும் கிழக்கு மேற்காக ஒரே கோட்டில் இருப்பதால், ஊர்ப்பக்கமிருந்து நேரே பார்த்தால் சிறியது பெரியதன் முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. அஞ்சலட்டைகளில் பார்க்கும் படம் அதுவல்ல. வடக்குப் புல்வெளிப் பக்கம் நகர நகர இரண்டும் மெல்லப் பிரிகின்றன. நடுவே ஒரு துண்டு வானம் திறக்கிறது. அந்தத் துண்டின் அகலம்தான் இங்கே படத்தின் எல்லாமும். மிகவும் திறந்தால் இரண்டு தனிக் கோயில்கள் போலாகிவிடும். மூடினால் ஒற்றை மொத்தை. சிறிய விமானத்தின் அகலத்தில் பாதியளவு வானம் இடையில் இருந்தபோது படம் சரியாக உட்கார்ந்தது என்பது என் கணிப்பு. வேறொருவருக்கு வேறாகப் படலாம்.

காலையில் ஊர்ப்பக்கம் நிற்பவருக்குக் கோயில் கருநிழலாகத்தான் கிடைக்கும். அது குறையில்லை. ஏழாம், எட்டாம் நூற்றாண்டு விமானங்களின் அடுக்கு அடுக்கான விளிம்பு கருநிழலில்தான் மிகத் தெளிவாகப் படிகிறது. செதுக்கு வேலை வேண்டுமானால் மாலையில் திரும்ப வாருங்கள். உப்புக்காற்று தின்ற கல்லில் எஞ்சியிருக்கிற சிங்கங்களை மாலை வெயில் ஒவ்வொன்றாக எழுப்பிவிடும். கருநிழல் படத்துக்கு வானத்தைத் தொட்டு வெளிச்சத்தை அமைக்க வேண்டும். செல்போனில் விரலால் வானத்தை அழுத்திப் பிடித்தால் போதும். கோயிலைத் தொட்டால் வானம் வெளுத்துவிடும். இன்னொன்று: கடற்காற்றில் லென்ஸ் மேல் உப்புப் படலம் பத்து நிமிடத்தில் படிகிறது. துணியைக் கையிலேயே வைத்திருங்கள்.

தை மாதத்தில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை. டிசம்பர் பிற்பகுதியில் மாமல்லபுரத்தில் உதயம் கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே தள்ளி நடக்கிறது. உத்தராயணத்தில் மெல்ல மெல்ல வடக்கே நகர்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சி வேளைச் சூரியன் இந்த ஊருக்கு நேர் தலைக்கு மேல் வந்துவிடும். அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி கடந்தும், நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் நண்பகல் வெயிலையே காணாத வடக்குச் சுவர்களுக்கு அப்போதுதான் அந்த வெளிச்சம். கோயில்களின் வடக்குக் கோட்டத்தில் துர்க்கையையோ பிரம்மாவையோ எடுக்க விரும்புகிறவர்கள் கத்திரி வெயிலுக்குப் பயந்து வராமல் இருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். பஞ்சாங்கம் பார்த்துப் படமெடுக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அர்ச்சுனன் தபசுக்குப் பத்தரை மணிக்குப் போனோம். விடிந்ததும் போகக் கூடாதா என்று கேட்கலாம். உதய வெயில் இந்தப் பாறையின் முகத்தில் நேராக அடிக்கிறது; உருவங்கள் எல்லாம் வெளிச்சத்தில் நனைந்து தட்டையாகிவிடுகின்றன. சூரியன் ஏறித் தெற்கே சாய்ந்த பிறகு, நண்பகலுக்குச் சற்று முன்பு, ஒளி பாறையை உரசிக்கொண்டு போகிறது. பார்ப்பவருக்கு இடப்பக்கம் மேலிருந்து அது வருகிறது. அப்போது யானைகளின் வயிறு உருண்டு நிற்கும். ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரியும். நாகர்கள் நீந்தி ஏறும் நடுப்பிளவு இருண்டு, படத்தை இரண்டாக்காமல் ஒன்றாகக் கட்டும். ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள இந்தச் சுவரை முழுக்க எடுக்க விரும்புகிறவர்களுக்குச் சாலையும் பேருந்தும் மனிதர்களும் குறுக்கே வருவார்கள். முழுக்க எடுக்க வேண்டுமென்று ஏன் பிடிவாதம்? பிளவை வலது ஓரத்தில் வைத்து இடது பாதி, அல்லது பிளவை இடது ஓரத்தில் வைத்து யானைகள். பிளவு இல்லாத படம் அர்ச்சுனன் தபசு ஆகாது என்பது மட்டும் நிச்சயம்.

இந்தப் பாறைகளை ஒளிப்படம் வருவதற்கு முன்பே கண்ணாடி வழியாகப் பார்த்தவர்கள் உண்டு. ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் 1792, 1793இல் தென்னிந்தியாவில் பயணம் செய்தார்கள். கட்டடங்களை வரைவதற்கு அவர்களிடம் கேமரா அப்ஸ்க்யூரா என்னும் இருட்டுப்பெட்டி இருந்தது. லென்ஸ் வழியே விழும் பிம்பத்தின் மேல் பென்சிலால் கோடிடுவது. அவர்கள் பதிப்பித்த மாமல்லபுரக் காட்சிகளைப் பார்க்கிறவருக்கு ஒரு விஷயம் புரியும்: மணலையும் பனையையும் ஒதுக்கி, எதை உள்ளே விடுவது, எதை வெளியே விடுவது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அடுத்த நூற்றாண்டில், 1868 வாக்கில், எட்மண்ட் டேவிட் லயன் மாகாண அரசுக்காக மாமல்லபுரம் உட்படத் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்தார். அவற்றுக்கான குறிப்புகளைக் கட்டடக்கலை வரலாற்றறிஞர் ஜேம்ஸ் ஃபெர்குசன் பதிப்பித்தார். நாம் இன்று ஃபில்டர் போட்டு வண்ணம் ஏற்றும் இதே ரதங்களை அவர்கள் ஆவணமாகப் பார்த்தார்கள்.

பழகுவதற்கு நல்ல இடங்கள் கூட்டமில்லாதவை. குன்றின் மேல் ராயர் கோபுரம் முடிவுறாமல் நிற்கிறது. விஜயநகரக் காலத்தில் தொடங்கி விட்டுப்போன வாசல். உயர்ந்த நிலைக்கால்களுக்கு இடையே வெறும் வானம். உள்ளே ஒன்றும் இல்லாத வாசலைச் சட்டகமாக எப்படிப் பயன்படுத்துவது என்று இங்கே மணிக்கணக்காகப் பயிலலாம். ஊரின் மேற்கே பிடாரி ரதங்களில் மேல்பகுதி வேலை முடிந்திருக்கிறது, கீழே முரட்டுப் பாறை. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதற்குக் கண்ணெதிர்ச் சான்று. சிற்பக் கல்லூரி மாணவர் அங்கே நின்று விமானத்தின் ஆறு அங்கங்களையும் விரலால் தொட்டுக் காட்டுவதுபோலச் சொன்னார்: அதிஷ்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி. 1957இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் இதுவே அரிச்சுவடி.

“அண்ணா, கிட்டப் போய் எடுக்கணும்னா எடுங்க. ஆனா வெட்டறத ஒரு அங்கம் முடியற எடத்துல வெட்டுங்க. பாதத்துக்கு நடுவுல வெட்டினீங்கன்னா விமானம் தொங்குது. பிரஸ்தரத்தோட மேல் விளிம்புல நிறுத்துங்க, அது தானா நிக்கும்.”

எனக்குத் தெரிந்து கட்டடப் படத்தில் எங்கே வெட்டுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான விதியை எந்தக் கேமராக் கையேடும் தரவில்லை. கையேடுகள் மூட்டில் வெட்டாதே என்று மனிதர்களைப் பற்றிச் சொல்கின்றன. கோயிலுக்கு நேர்மாறு: அங்கங்கள் சேரும் மூட்டில்தான் வெட்ட வேண்டும். பிரஸ்தரத்தில் துருத்தி நிற்கும் கபோதத்தின் கீழ் விழும் கருநிழல் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறது. சட்டகத்தின் விளிம்பு அதற்கு இணையாக ஓடினால் போதும்.

மாலை நாலரைக்கு ஐந்து ரதங்கள். நான்கு ரதங்கள் ஒரே நீண்ட பாறையில் வடக்கு தெற்காக வரிசையாக இருக்கின்றன. வடக்கே குடிசைக்கூரை போட்ட சிறிய திரௌபதி ரதம், அதே மேடையில் அர்ச்சுனன் ரதம், பிறகு வண்டிக்கூரை வளைவோடு பீமன், தெற்கே எல்லாவற்றிலும் உயர்ந்த தர்மராஜன். பாறையே தெற்கு நோக்கி உயர்ந்திருந்தது. சிற்பிகள் அதன் போக்கிலேயே போனார்கள். இதைத் தெரிந்துகொண்டு நின்றால் இரண்டு வேறு படங்கள் கிடைக்கும். தென்மேற்கில் நின்றால் பெரிய ரதம் அருகே, சிறியது தூரத்தில். உயர வேறுபாடு இரட்டிப்பாகி, வரிசை வேகமாகச் சரிந்து ஓடும். வடமேற்கில் நின்றால் சிறியது அருகே, பெரியது தூரத்தில். நான்கும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வந்து ஒரு தெருபோல அமைதியாக நிற்கும். தை மாத மாலையில் வடமேற்கு இன்னொன்றும் தருகிறது. மேற்கு முகம் வெயிலில், வடக்கு முகம் நிழலில். ஒரு முகம் ஒளியிலும் அடுத்தது இருளிலும் இருக்கும் மூலையில்தான் கட்டடத்துக்குக் கனம் வருகிறது. இரண்டு முகமும் வெயிலில் இருக்கும் மூலையில் ரதம் அட்டைப்பெட்டியாகிவிடும்.

நகுல சகாதேவ ரதம் இந்த வரிசைக்கு மேற்கே தனியாக. பின்பக்கம் வளைந்த கஜபிருஷ்ட வடிவம். பக்கத்திலேயே ஒற்றைக்கல் யானை. வடக்கேயிருந்து வருகிறவருக்கு இரண்டின் முதுகும் ஒன்றாகத் தெரியும். யானையின் முதுகையும் ரதத்தின் முதுகையும் ஒரே சட்டகத்தில் வைத்துவிட்டால் இந்த விமான வடிவத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்பதைப் படமே சொல்லிவிடும், கீழே தலைப்பு எழுத வேண்டாம். பெரும்பாலானோர் யானையின் முகத்தை எடுக்க முன்னால் ஓடிவிடுகிறார்கள்.

தர்மராஜ ரதத்தின் முன்னால் எல்லோருக்கும் ஒரே தொல்லை: உச்சியைச் சேர்க்கக் கேமராவை அண்ணாத்தினால் ரதம் பின்பக்கம் சாய்ந்து, பக்கக் கோடுகள் மேலே கூடிவிடுகின்றன. லென்ஸ் சுவருக்கு இணையாக இல்லாததுதான் காரணம். பழைய மரப்பெட்டிக் கேமராக்களில் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் வசதி இருந்தது. 35 எம்எம் கேமராவுக்கு அத்தகைய முதல் லென்ஸை நிக்கான் 1962இல் கொண்டுவந்தது. இன்றும் அந்த வகை லென்ஸ்கள் விலை அதிகம். செல்போனை வைத்திருப்பவருக்கு வழி இதுதான்: போனை நேர் செங்குத்தாக, துளியும் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு, உச்சி உள்ளே வரும் வரை பின்னால் போங்கள். படத்தின் கீழ்ப்பாதி முழுக்க மணலாக இருக்கும். இருக்கட்டும். பிறகு அந்த மணலை வெட்டிவிடுங்கள். ரதம் தூக்குக்குண்டு விட்டதுபோல நிற்கும். கொஞ்சம் மணலை விட்டுவைப்பதும் நல்லது; பாறையிலிருந்து எழுந்த கட்டடத்துக்குப் பாதம் தெரிய வேண்டும். உயரத்தின் அளவு புரிய ஒரு மனிதர் போதும், அவர் ரதத்தின் அருகிலேயே இருக்க வேண்டும். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பவர் ரதத்தைக் குறுக்கிவிடுவார்.

இந்த ரதங்களை யார் செய்வித்தது என்பதில் அறிஞர்கள் ஒரே கருத்தில் இல்லை. மாமல்லன் முதலாம் நரசிம்மவர்மன் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது; ஆனால் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962இல் மாமல்லபுரம் முழுவதுமே இராஜசிம்மனின் படைப்பு என்று வாதிட்டார். இப்படிப்பட்ட விவாதங்களில் தூணின் வடிவம், சிங்கத்தின் பிடரி, கூடுகளின் வளைவு எல்லாம் சான்றாகின்றன. அவற்றை எடுக்கும் படம் எந்த ரதம், எந்தத் திசைச் சுவர், எந்தத் தளம் என்று சொல்லாவிட்டால் ஆராய்கிறவருக்குப் பயன்படாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தென்னிந்தியக் கோயில்களை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் பதிவு செய்து வைத்திருக்கிறது. ஊரும் சன்னிதியும் குறித்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்துத் திருடுபோன சிலைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அழகுக்காக எடுத்த படங்களால் அந்த வேலை நடந்திருக்காது. நன்றாக அமைந்த படமும் பயன்படுகிற படமும் ஒன்றாகவே இருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கட்டடத்தின் கோட்டை மதித்து எடுத்த படம் இரண்டுக்கும் உதவும்.

அடுத்த நடைக்கு ஆலம்பரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடப்பாக்கம் அருகே, உப்பங்கழியோரம் செங்கல் கோட்டை. 1750இல் டூப்ளேயின் கைக்கு வந்தது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். 2004 சுனாமியும் அதைத் தின்றது. அங்கே அழகான கோணம் தேடப் போவதில்லை என்று குழு பேசிவைத்திருக்கிறது. வரைவாளர் ஐயா ஒரு தாளில் சுற்றுச்சுவரை வரைந்து, நிற்க வேண்டிய இடங்களைக் குறித்துக் கொடுத்திருக்கிறார். ஒவ்வோர் இடத்திலும் ஒரு படம், போன் இடுப்பளவு உயரத்தில், மட்டம் பார்த்து; திசை, தேதி, மணி எல்லாம் அக்காவின் நோட்டில். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒருமுறை, மழை முடிந்த பிறகு அதே இடங்களில் மறுபடியும்.